ஒரு நிமிடம் முழுதாக எண்ணுங்கள்

(பெங்களூரு ஆஸ்டின் டவுனில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த ஆஸ்டின் டவுன் வட்டாரத்தில் செவிலியர் என்றால் யார் என்று விளக்க வேண்டியதில்லை. கேம்ப்பெல் ரோட்டில் செயின்ட் பிலோமினாஸ் மருத்துவமனை இருக்கிறது. கோரமங்கலா பக்கம் நடந்தால் செயின்ட் ஜான்ஸ். வெள்ளைக் கோட்டு மாட்டிய நர்சிங் மாணவிகள் விவேக் நகர் பஸ்ஸில் ஏறாத காலை கிடையாது. ஊருக்கு கிட்டல் நகர் என்று பெயர் மாற்றிப் பல காலம் ஆகிவிட்டது. ஆனாலும் ஆட்டோக்காரரிடம் ஆஸ்டின் டவுன் என்றுதான் சொல்கிறோம். அதைப் போலவே, எத்தனை பட்டம் வாங்கி வந்தாலும் வார்டில் அவர் 'சிஸ்டர்'தான். அழைப்பில் குறையொன்றும் இல்லை. ஆனால் அப்படி அழைக்கிற நாம், அவருக்கு என்ன தெரியும் என்று கேட்டதில்லை. செவிலியர்களைப் பாராட்டும் மேடைகளில் பொறுமை, கருணை, தியாகம் எல்லாம் வரும். அறிவு வருவதே இல்லை. இன்று அதைப் பற்றி மட்டும் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

ஒரு நோயாளியை எடுத்துக்கொள்வோம். கற்பனை நோயாளிதான், ஆனால் எந்த வார்டிலும் இப்படி ஒருவர் இருப்பார். அறுபத்தைந்து வயது, சர்க்கரை உண்டு, ரத்த அழுத்தத்துக்கு நெடுநாளாக மாத்திரை. இடுப்பு எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை முடிந்து இரண்டாம் நாள். இரவு இரண்டு மணிக்கு சிஸ்டர் வருகிறார். பி.பி. மேல் அளவு 110. நாடி 104. காய்ச்சல் 99. விரலில் மாட்டிய கருவி ஆக்சிஜன் 95 என்கிறது. "எப்படி இருக்கு அய்யா?" என்றால், "ஒரு மாதிரியா இருக்கும்மா" என்கிறார். அதற்கு மேல் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

இதில் பயப்பட என்ன இருக்கிறது என்று தோன்றும். டூட்டி டாக்டரை எழுப்பினால் அவரும் அதைத்தான் கேட்பார். இன்னும் ஒரு எண் பாக்கி இருக்கிறது: மூச்சு. அதை எண்ணிப் பார்த்தால் நிமிடத்துக்கு 26. இப்போது கதை வேறு.

பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2012-ல் ஓர் எச்சரிக்கை மதிப்பெண் முறையைக் கொண்டுவந்து 2017-ல் திருத்தியது. அதன்படி மூச்சு 25-ஐ எட்டினால் அதற்கு மட்டுமே 3 புள்ளி. நம் நோயாளியின் நாடிக்கு 1, பி.பி.க்கு 1, ஆக்சிஜனுக்கு 1. மொத்தம் 6. ஐந்தைத் தொட்டாலே மருத்துவர் அவசரமாக வந்து பார்க்க வேண்டும், மணிக்கு ஒருமுறையாவது அளவுகளை எடுக்க வேண்டும் என்பது விதி. புதிதாகக் குழப்பமாகப் பேச ஆரம்பித்தார் என்றால் இன்னொரு 3 சேர்ந்து ஒன்பதாகும். ஏழிலேயே நெருக்கடி நிலை வந்துவிடும். அப்போது ஒரு குழுவே ஓடி வர வேண்டும். ஒவ்வொன்றாகப் பார்த்தபோது சாதுவாகத் தெரிந்த எண்கள் சேர்ந்து நின்றால், உடம்புக்குள் கிருமி பரவுகிறதோ, நுரையீரலுக்கு ரத்தக்கட்டி போய்விட்டதோ என்று கேட்கவைக்கின்றன.

உடல் மோசமாகும்போது முதலில் மாறுகிறவற்றில் மூச்சின் எண்ணிக்கை முக்கியமானது. திசுக்களுக்கு ஆக்சிஜன் போதவில்லை, ரத்தத்தில் அமிலம் ஏறுகிறது என்றதும் மூளை மூச்சைக் கூட்டிவிடும். பி.பி.யோ பல நேரங்களில் கடைசி வரைக்கும் தாக்குப்பிடித்துவிட்டு ஒரேயடியாகச் சரியும். அப்படியிருந்தும் உலகம் முழுக்க வார்டுகளில் அதிகம் அலட்சியப்படுத்தப்படுவது மூச்சுதான். நம் கேஸ் ஷீட்டுகளைப் புரட்டுங்கள். எல்லோரும் 18 அல்லது 20 முறைதான் மூச்சு விடுகிறார்கள்! பிரசவமானவரும், நிமோனியாக்காரரும், வீட்டுக்குப் போக பில் கட்டிக்கொண்டிருப்பவரும் ஒரே தாளத்தில். எண்ணாமல் எழுதிய எண்கள் அவை. எண்ணுவதற்குக் கருவி வேண்டாம். ஒரு முழு நிமிடம் வேண்டும். பதினைந்து விநாடி பார்த்துவிட்டு நாலால் பெருக்கினால், ஒன்று தவறினாலும் நாலு தவறும். இன்னொன்றும் உண்டு: எண்ணுகிறோம் என்று நோயாளிக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் அவர் மூச்சை மாற்றிவிடுவார். அதனால்தான் பழைய ஆசிரியைகள், மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்ப்பதுபோல வைத்துக்கொண்டே மார்பின் ஏற்ற இறக்கத்தைக் கவனி என்று சொல்லித் தருவார்கள். இன்றைய பி.எஸ்ஸி. நர்சிங் பாடத்திட்டத்தின் முதல் ஆண்டில் 'நர்சிங் ஃபவுண்டேஷன்' என்று ஒரு பாடம் இருக்கிறது. அடிப்படை என்பதால் பரீட்சையோடு மறந்துவிடலாம் என்று பலரும் நினைக்கிறார்கள். மூச்சை எண்ணுவது பற்றி நான் சொன்னது அந்தப் பாடத்தைச் சேர்ந்ததுதான்.

மதிப்பெண் போட்டுவிட்டால் போதுமா? அது வேலையின் பாதி. நம் பெரியவருக்கு வழக்கமான பி.பி. 150 என்றால், 110 என்பது அவருக்குப் பெரிய வீழ்ச்சி. அட்டவணை அதற்கு ஒரே ஒரு புள்ளிதான் தரும். அவர் சாப்பிடும் மாத்திரை பீட்டா பிளாக்கர் வகை என்றால், 130-க்கு ஓட வேண்டிய நாடி 104-ல் அடங்கிக் கிடக்கலாம். ஆக்சிஜன் கருவியும் முழுச் சாட்சி அல்ல. 2020 டிசம்பரில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்று, கருவி நல்ல எண் காட்டும்போதே ரத்தத்தில் ஆக்சிஜன் ஆபத்தாகக் குறைந்திருப்பது கறுப்பின நோயாளிகளிடம் வெள்ளையரைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம் என்று காட்டியது. மாநிறமும் கறுப்பும் கொண்ட நம் ஊருக்கு இது பொருட்படுத்த வேண்டிய செய்தி. 'சருமம் நீலம் பாய்ந்திருக்கிறதா பார்' என்று வெள்ளைத் தோலை வைத்து எழுதிய புத்தகம் சொல்லும். இங்கே நாக்கையும் உதட்டின் உட்புறத்தையும் பார்க்க வேண்டும். அட்டவணைக்குத் தெரியாததைத் தெரிந்துவைத்திருப்பதற்குத்தான் மருத்துவத் தீர்மானம் என்று பெயர்.

அது எப்படி வருகிறது என்று ஆராய்ந்தவர்களில் அமெரிக்காவின் பாட்ரிசியா பென்னர் முக்கியமானவர். 1984-ல் வந்த அவருடைய புத்தகம், புதிதாக வேலைக்கு வந்த நர்ஸ் விதியைப் பிடித்துக்கொண்டு நடப்பதையும், அனுபவசாலி நிலைமையை முழுதாக ஒரே பார்வையில் பிடிப்பதையும் ஐந்து படிகளாக விவரித்தது. இங்கே அதை விளக்க நம் நந்தன் கால்பந்து மைதானம் போதும். கோல் விழுந்தால் வேடிக்கை பார்ப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். பந்து கால் மாறுவதற்கு முன்பே அது எங்கே வரும் என்று தெரிந்து இரண்டடி நகர்ந்து நிற்கிற டிஃபெண்டர் இருக்கிறாரே, அவர் தடுத்த கோல் எந்த ஸ்கோர் கார்டிலும் ஏறாது. நல்ல செவிலியரின் கணக்கும் அப்படித்தான். நடக்காமல் போன மரணத்துக்கு யாரும் நன்றி சொல்ல வருவதில்லை.

செவிலியக் கல்வியாளர் கிறிஸ்டின் டேனர் 2006-ல் இந்தத் தீர்மானத்தின் படிகளை இன்னும் தெளிவாக்கினார். கவனிப்பது, கவனித்ததற்குப் பொருள் காண்பது, அதன்படி செய்வது, செய்ததைத் திரும்பிப் பார்ப்பது. இந்த நான்கில் முதலாவதுதான் எனக்கு வியப்பானது. கண்ணில் படுவதெல்லாம் கவனத்தில் படுவதில்லை. நேற்று இந்த நோயாளி எப்படி இருந்தார் என்று தெரிந்தவருக்குத்தான் இன்று மாறியிருக்கிறார் என்பது தெரியும். தினம் ஒரு வார்டுக்கு ஆளை மாற்றிப் போடுகிற மேலாளர்கள் இதை யோசிக்க வேண்டும்.

'எனக்கு என்னவோ சரியாகப் படவில்லை' என்று ஒரு சீனியர் சிஸ்டர் சொல்வதை உள்ளுணர்வு, பெண் மனசு என்று ஒதுக்குவார்கள். உண்மையில், ஆயிரக்கணக்கான நோயாளிகளைப் பார்த்த மூளை, காரணத்தைச் சொற்களாக்குவதற்கு முன்பே முடிவைச் சொல்லிவிடுகிறது. நெதர்லாந்தில் கூஸ்கே டௌவ் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் செவிலியரின் இந்தக் கவலையையே பிரித்து ஆராய்ந்து ஒன்பது அறிகுறிகளாக்கினார்கள். மூச்சு மாறியது, நடுக்கம், அமைதியின்மை என்று போகும் அந்தப் பட்டியலில், தனக்கு நன்றாக இல்லை என்று நோயாளியே சொல்வதும் ஒன்று. நம் பெரியவரின் 'ஒரு மாதிரியா இருக்கு' அங்கே ஒரு தரவு. சிட்னியின் லிவர்பூல் மருத்துவமனை 1990-ல் அவசர மருத்துவக் குழு முறையைத் தொடங்கியபோது, நாடி இவ்வளவு, பி.பி. இவ்வளவு என்ற அளவுகோல்களோடு இன்னொன்றையும் வைத்தது: இந்த நோயாளியைப் பற்றி உங்களுக்குக் கடுமையான கவலை இருந்தால் அழையுங்கள். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். ஒரு செவிலியரின் கவலைக்கு எழுத்தில் அதிகாரம் கொடுத்தார்கள். இங்கே எத்தனை மருத்துவமனைகளில் ஒரு ஸ்டாஃப் நர்ஸ் நள்ளிரவில் 'கவலையாக இருக்கிறது, வாருங்கள்' என்று சொல்லித் திட்டு வாங்காமல் தப்ப முடியும் என்பதை, முன் வரிசையில் இருக்கும் மருத்துவர்களே சொல்லட்டும்.

படுக்கைப் புண் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். அடிப்படைச் செவிலியத்தின் உரைகல் அதுதான் என்று நினைக்கிறேன்.

உத்தர கன்னட மாவட்டத்து ஹல்தீபூரில் பிறந்த அருணா ஷான்பாக் மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் செவிலியராக இருந்தார். 1973 நவம்பர் 27 அன்று, அதே மருத்துவமனையின் துப்புரவு ஊழியர் ஒருவர் நாய்ச் சங்கிலியால் கழுத்தை நெரித்து அவரைத் தாக்கினார். மூளைக்கு ஆக்சிஜன் போகாமல் அருணா நினைவிழந்தார். 2015 மே 18 அன்று நிமோனியாவில் இறக்கும்வரை, ஏறக்குறைய 42 ஆண்டுகள், அதே மருத்துவமனையின் செவிலியர்கள் அவரைப் பார்த்துக்கொண்டார்கள். தலைமுறை தலைமுறையாக. அவருடைய வழக்கில் கருணைக்கொலை பற்றி உச்ச நீதிமன்றம் 2011 மார்ச்சில் தந்த தீர்ப்பைச் சட்ட மாணவர்கள் வேறொரு காரணத்துக்காகப் படிக்கிறார்கள். ஒரு செவிலியருக்கு அதில் மறக்கக்கூடாத செய்தி, அதுவரையிலான அத்தனை ஆண்டுகளில் அருணாவுக்கு ஒரு படுக்கைப் புண்கூட வரவில்லை என்பது. நீதிமன்றமே அந்தச் செவிலியர்களைப் பாராட்டியது.

நாடே அதை அன்பு என்று சொன்னது. அன்புதான், மறுக்கவில்லை. ஆனால் அன்பு மட்டும் இருந்தால் புண் வராதா? எத்தனையோ பாசமுள்ள பிள்ளைகளின் வீட்டில் தாய்க்கு முதுகில் குழி விழுந்திருக்கிறது. எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவில் தோல் நசுங்கினால் நுண்குழாய்களில் ரத்தம் நிற்கும். சில மணி நேரத்தில் திசு சாகத் தொடங்கும். அதனால்தான் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்கச் சொல்கிறோம். அந்தப் பாட விதிப்படி கணக்குப் போட்டால், 42 ஆண்டுகளுக்கு ஏறக்குறைய 1 லட்சத்து 80 ஆயிரம் தடவை. ஒவ்வொரு தடவையும் வால் எலும்பு, குதிகால், இடுப்பெலும்பு, பின்னந்தலை என்று பார்த்திருக்க வேண்டும். ஈரம் ஒற்றியிருக்க வேண்டும். புரதம் குறையாமல் மசித்து, புரையேறாமல் ஊட்டியிருக்க வேண்டும். இது ஒரு வேலைத்திறன், அதற்குப் பின்னால் ஒரு விஞ்ஞானம் இருக்கிறது. 1962-ல் டோரீன் நார்ட்டன் என்ற ஆங்கிலேயச் செவிலியரும் உடன் பணியாற்றியவர்களும் முதியோர் வார்டில் ஆராய்ந்து, யாருக்குப் புண் வரும் என்று முன்கூட்டியே கணிக்க ஓர் அளவுகோல் தந்தார்கள். 1987-ல் அதே நோக்கத்துக்குப் பிரேடன் அளவுகோல் வந்தது.

அறிவு என்றால் மாறவும் செய்யும். ஸ்பிரிட்டும் பவுடரும் போட்டு, சிவந்த இடத்தை நன்றாகத் தேய்த்துவிடு என்றுதான் என் தலைமுறைக்குச் சொல்லித் தந்தார்கள். எலும்பு துருத்திய, சிவந்த இடத்தைத் தேய்க்கக்கூடாது, அடியிலிருக்கும் திசு மேலும் சிதையும் என்பதுதான் இன்றைய வழிகாட்டல். காற்றடைத்த வளையத்தில் உட்காரவைப்பதையும் இப்போது வேண்டாம் என்கிறார்கள். சுற்றியுள்ள தோலில் அது ரத்தத்தை நிறுத்துகிறது. 'சிவப்பு' என்ற சொல்கூட நம் நோயாளிகளுக்குச் சரிப்படாது. கறுத்த தோலில் முதல் அறிகுறி சிவப்பாகத் தெரியாது. பக்கத்துத் தோலைவிட நிறம் ஆழ்ந்திருக்கும், புறங்கையால் தொட்டால் சூடாகவோ கெட்டியாகவோ படும். விளக்கு வெளிச்சத்தில் பார்ப்பதோடு தொட்டும் பார்க்க வேண்டும்.

விளக்கு என்றதும் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் நினைவு வரும். ஒவ்வொரு ஆண்டும் நம் கல்லூரிகளில் விளக்கேற்றி உறுதிமொழி எடுக்கிறார்கள். அழகான சடங்கு. 1858-ல் லண்டன் புள்ளியியல் சங்கம் முதல் பெண் உறுப்பினராக ஏற்றுக்கொண்டது அவரைத்தான் என்பதையும் அந்த மேடையில் ஒருவர் சொன்னால் நன்றாக இருக்கும். கிரிமியப் போரில் காயத்தைவிட நோயால் செத்தவர்களே அதிகம் என்பதை அரசாங்கத்துக்கு வரைபடம் போட்டுக் காட்டியவர் அவர். ஒருமுறைகூட இந்தியாவுக்கு வராமலே இங்கிருந்த ராணுவ முகாம்களின் சுகாதாரத்தைக் கேள்வித்தாள் அனுப்பி ஆராய்ந்தார். அந்த நைட்டிங்கேலுக்கு விழா எடுப்பவர் யாருமில்லை.

நம் மரபும் இதில் தெளிவாகத்தான் இருந்திருக்கிறது. வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் மருத்துவத்தை நான்கு கூறாகச் சொல்லி, நோயாளிக்கு அருகிலிருந்து கவனிப்பவரை அதில் ஒரு கூறாக வைக்கிறார். சரக சம்ஹிதையும் அவரை நான்கில் ஒருவராக வைத்து, அவருக்கு வேண்டிய குணங்களையும் வரிசைப்படுத்துகிறது: பராமரிப்பு பற்றிய அறிவு, திறமை, நோயாளி மேல் பரிவு, தூய்மை. பரிவு மூன்றாவதாகத்தான் வருகிறது. மேடைப் பேச்சாளர்கள் அந்த மூன்றாவதை மட்டும் எடுத்துக்கொண்டு முதலிரண்டை விட்டுவிட்டார்கள்.

செவிலியக் கல்வி நம் பக்கத்துக்குப் புதிதல்ல. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1871-லேயே பயிற்சி தொடங்கியது. வேலூரில் ஐடா ஸ்கடர் தொடங்கிய மருத்துவமனையில் 1909-ல் செவிலியர் பள்ளி. 1946-ல் டெல்லியிலும் வேலூரிலும் பட்டப்படிப்பு. இன்று கர்நாடகத்து நர்சிங் கல்லூரிகளுக்குக் கேரளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் பிள்ளைகள் வந்து படிக்கிறார்கள். படித்து முடித்ததும் அவர்களில் பலர் ஒரு கோச்சிங் சென்டரில் சேர்கிறார்கள், அமெரிக்க உரிமத் தேர்வுக்கு. 2023 ஏப்ரலில் அந்தத் தேர்வு மாறியது. ஒரு நோயாளியின் குறிப்புகளைக் கொடுத்து, இதில் எது முக்கியம், அடுத்து என்ன செய்வாய் என்று தீர்மானத்தையே சோதிக்கிறார்கள். இந்த ஊரில் உட்கார்ந்து ஒரு பெண் அமெரிக்காவுக்காகத் தீர்மானிக்கக் கற்றுக்கொள்கிறாள். அவளே மாலையில் இந்த ஊர் வார்டுக்குப் போனால், 'டாக்டர் சொன்னதை மட்டும் செய்' என்கிறார்கள். நாம் செலவழித்து வளர்த்த ஒரு மூளையை நாமே பயன்படுத்தாமல் அனுப்பிவைக்கிறோம். போகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

சம்பளக் கதையும் அப்படித்தான். 2016-ல் உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி அமைந்த குழு, 50 படுக்கைக்குக் குறைந்த தனியார் மருத்துவமனையிலும் செவிலியருக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்று பரிந்துரைத்தது. ஆண்டுகள் பல கடந்த பரிந்துரை. இந்த மண்டபத்தில் இருக்கும் செவிலியர்கள் தங்கள் சம்பளச் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

சம்பளத்தைவிட நோயாளிக்கு நேராகப் பாதகமானது ஆள் பற்றாக்குறை. பென்சில்வேனியாவின் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்த லிண்டா எய்க்கன் குழு 2002-ல் வெளியிட்ட முடிவு இது: ஒரு செவிலியர் கவனிக்கும் நோயாளிகளில் ஒருவர் கூடினால், அறுவை சிகிச்சை நோயாளி 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது. போதனை மருத்துவமனையில் 3 படுக்கைக்கு ஒருவர், மற்றவற்றில் 5 படுக்கைக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் வைத்த அளவு. நைட் டூட்டியில் தனியாக ஒரு முழு வார்டைச் சுமக்கும் பெண்ணிடம் போய் 'ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணு' என்று நான் உபதேசித்தால் அவர் சிரிப்பார். இருபத்தைந்து படுக்கைக்கு எண்ணுவதற்கு மட்டும் இருபத்தைந்து நிமிடம். மருந்து, டிரிப்ஸ், அட்மிஷன், கணினியில் பதிவு எல்லாம் அப்புறம். 18 என்று எழுதிவிட்டு நகர்வது சோம்பல் அல்ல, பல நேரங்களில் அது வெறும் கூட்டல் கழித்தல். எண்ணவில்லை என்று அவரைக் கண்டிப்பதற்கு முன் நேரம் கொடுத்தோமா என்று நிர்வாகம் சொல்ல வேண்டும்.

செவிலியர் அல்லாதவர்களுக்குச் சில வார்த்தை. ஆஸ்பத்திரியை விட்டு வந்தபின் இந்தச் சின்ன வீடுகளில் மருமகளும் மகளும்தான் நர்ஸ். மகன்களும் கற்றுக்கொள்ளலாம், யாரும் தடுக்கவில்லை. டிஸ்சார்ஜ் அன்று மருந்துச் சீட்டை மட்டும் வாங்கிக்கொண்டு ஓடிவராதீர்கள். எப்படித் திருப்புவது, எப்படி ஊட்டுவது, எது நடந்தால் உடனே திரும்பி வர வேண்டும் என்பதை சிஸ்டரிடம் கேட்டு, அவர் முன்னாலேயே ஒருமுறை செய்து காட்டுங்கள். வயதானவர், அதிலும் சர்க்கரை உள்ளவர், மேல் வயிறு எரிகிறது, கேஸ் என்று சொல்லி வியர்த்துப்போனால் சோடா வாங்கிக் கொடுத்துக்கொண்டிருக்காதீர்கள். அது மாரடைப்பாக இருக்கலாம். நேற்று வரை தெளிவாகப் பேசியவர் இன்று திடீரென்று உளறினால் 'வயசாயிடுச்சு' என்று விடாதீர்கள். வார்டில் உங்கள் அப்பாவைப் பற்றி நீங்கள் சொல்லும் 'இவர் எப்பவும் இப்படி இருக்க மாட்டார் சிஸ்டர்' என்ற ஒரு வாக்கியம் அந்தச் செவிலியருக்குப் பெரிய தகவல். தயங்காமல் சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அடுத்தமுறை வீட்டில் யாரையாவது ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது, அறை வாடகை எவ்வளவு, ஏ.சி. உண்டா, பெரிய டாக்டர் எப்போது வருவார் என்று கேட்பீர்கள். கேளுங்கள். அதோடு, ராத்திரியில் ஒரு சிஸ்டருக்கு எத்தனை நோயாளிகள் என்றும் கவுன்டரில் கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் முகம் சுளிப்பார்கள், நூறு பேர் கேட்டால் கணக்கெடுப்பார்கள்.